சித்தப்பாவின் திஸ்கி கோப்புகளைத் திறந்த கதை

ஆச்சி பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் என் சித்தப்பா 2001, 2002 வாக்கில் பொறுமையாக உட்கார்ந்து ஒரு விண்டோஸ் 98 கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். நண்பர் ஒருவர் அனுப்பிய இரண்டையும் சேர்த்து மொத்தம் 43 கோப்புகள், எல்லாம் வெறும் டெக்ஸ்ட். அவர் காலமான பிறகு அந்த சிடி என் கைக்கு வந்தது. திஸ்கி (TSCII, இன்றைய பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்த ஒரு முறை) போன்றவற்றில் உள்ள பழைய தமிழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இங்கே பலர் இருப்பதால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

முதல் கோப்பைத் திறந்ததும் திரை முழுக்கக் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. ஃபாண்ட் இல்லாததால் வரும் கோளாறு என்று நினைத்து நாலைந்து ஃபாண்ட் மாற்றிப் பார்த்தேன், நடுவில் மேலே ஒரு தலைப்பைத் தட்டி, கை பழக்கத்தில் சேமித்தும் விட்டேன். இரண்டு கேபி இருந்த கோப்பு ஐந்து கேபி ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. எடிட்டர் அதை யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) என்று தானாக எடுத்துக்கொண்டு, தனக்குப் புரியாத பைட்டுகள் (கோப்பில் உள்ள எண்கள்) எல்லாவற்றுக்கும் பதிலாக அந்த ஒரே கேள்விக்குறியை வைத்துவிட்டது, அந்தக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். கவும் கேள்விக்குறி, மவும் கேள்விக்குறி என்றால் அதிலிருந்து பாட்டை எப்படி மீட்பது? சிடியில் மூலம் இருந்ததால் தப்பித்தேன். இப்போதெல்லாம் நகல் எடுத்து, ரீட் ஒன்லி போட்ட பிறகுதான் எதையும் திறக்கிறேன்.

அடுத்து விஎஸ் கோடு என்ற எடிட்டரில் 'ரீஓப்பன் வித் என்கோடிங்' (வேறு எழுத்து முறையில் திறப்பது) போய் விண்டோஸ் 1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறை) தேர்ந்தெடுத்தேன். தமிழ் வராது, ஆனால் ஏறக்குறைய எல்லா பைட்டுக்கும் ஒரு குறியாவது தெரியும், சேமிக்காத வரை எதுவும் அழியாது. திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் கண்ணில் பட்டது: முக்கால் குறி, மேலே கோடு போட்ட ஏ, சென்ட் குறி, மேலே கோடு போட்ட யூ. நான்கே குறிகள். அதுதான் திஸ்கியில் "தமிழ்". யூடிஎஃப்-8இல் அதே சொல்லுக்கு 15 பைட் வேண்டும். இந்த நான்கு குறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கோப்பு திஸ்கியா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். திஸ்கி என்று தெரிந்த பிறகு வேலை சுலபம். லினக்ஸில் எழுத்து முறையை மாற்றித் தரும் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும், 40 கோப்புகள் சில நொடிகளில் யூனிகோடு ஆகிவிட்டன. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் திஸ்கியில் மெய்க்கு முன்னால் நிற்கும், அதையும் அதுவே இடம் மாற்றிக் கொடுத்தது.

மீதி மூன்றில் இரண்டு பாமினி, அதாவது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பழைய ஃபாண்டில் தட்டியவை. இலங்கையில் இருந்த நண்பர் ஒருவர் சித்தப்பாவுக்கு அனுப்பியவை. இதில் எந்த என்கோடிங் மெனுவும் உதவாது, ஏனென்றால் உள்ளே இருப்பது சாதாரண ஆங்கில எழுத்துதான். "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. எடிட்டர் பார்வையில் கோப்பு சுத்தமாக இருக்கும். பாமினி மாற்றியில் போட்டால் சரியாகிவிடும், நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மட்டும் அதுவும் உளறல் தமிழாக மாறும், அதைக் கையால் திருத்த வேண்டும்.

கடைசிக் கோப்புதான் என்னை ஒரு வாரம் உட்கார வைத்தது. யாரோ ஏற்கெனவே யூனிகோடுக்கு மாற்றி, பிறகு அதை விண்டோஸ் 1252 என்று தவறாகப் படித்து மறுபடி சேமித்திருக்கிறார்கள். வரிக்கு வரி ஏ-க்கு மேல் சாய்கோடு, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர். இதைப் பின்னோக்கித் திருப்பினால் தமிழ் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வந்தது, ஆனால் புள்ளியும் உகரக் குறியும் எங்குமே இல்லை! காரணத்தைத் தேடியபோது அசந்துபோனேன். விண்டோஸ் 1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், அதில் புள்ளியின் மூன்றாவது பைட்டும் உகரக் குறியின் மூன்றாவது பைட்டும் சரியாக அந்தக் காலி இடங்களில் விழுகின்றன, ஏ, ஐ இரண்டு உயிரெழுத்துகளும் அப்படியே. சில கருவிகள் அந்த இடங்களை விழுங்கிவிடும். ஆக "கண்ணு" என்ற சொல்லில் இரண்டு ஓட்டை, எது புள்ளி எது உகரம் என்று கோப்பைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

நிரல் எழுதி ஊகிக்கலாம் என்று பார்த்தேன், பேச்சு வழக்குச் சொற்களில் அது தடுமாறியது. சரி என்று வரி வரியாக வாய்விட்டுப் படித்து நிரப்பினேன், தாலாட்டு என்பதால் ஓசை கொஞ்சம் கைகொடுத்தது. அப்படியும் நாலு வரி நிற்கவில்லை. அத்தைக்குப் போன் போட்டேன். முதல் இரண்டு சொல்லைச் சொன்னதுமே முழுப் பாட்டையும் பாடிவிட்டார், கோப்பில் இல்லாத இரண்டு கண்ணிகளையும் சேர்த்து.