சக்கர நாற்காலியில் இருப்பவர் ஸ்கூபா விடுமுறைக்கு எப்படித் திட்டமிடுவது?

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வயது 36. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஸ்கூட்டர் விபத்தில் தண்டுவடத்தில் டி12 என்ற இடத்தில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்ச்சியும் இல்லை. கைகளும் தோள்களும் நல்ல பலத்துடன் இருக்கின்றன. வண்டியை நானே ஓட்டி அலுவலகம் போய் வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். கைகளால் மட்டும் நீந்தி, நிற்காமல் பத்துச் சுற்று வர முடிகிறது.

வரும் ஜனவரியில் கணவரும் நானும், என் அக்கா குடும்பத்துடன் அந்தமான் செல்ல எண்ணியிருக்கிறோம். ஸ்கூபா டைவிங் செய்ய வேண்டும் என்பது என்னுடைய ஆசை, வேறு யாருடைய யோசனையும் அல்ல. இரண்டு டைவ் மையங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் இடத்தில் சக்கர நாற்காலி என்ற சொல்லைக் கேட்டதுமே, "அதெல்லாம் சரிவராது மேடம், கண்ணாடி அடித்தளப் படகில் போய்ப் பாருங்கள்" என்று முடித்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், "ஒரு பிரச்சினையும் இல்லை, எங்கள் பையன்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்" என்றார்கள். என் உடல்நிலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், மறுத்தவரைவிட இவர்தான் என்னை அதிகம் பயமுறுத்தினார்.

இதை முறையாகச் செய்ய என்னென்ன விசாரிக்க வேண்டும், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், பெங்களூரிலேயே முன்கூட்டிப் பயிற்சி எடுக்க வழி உண்டா என்பதை, அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

முக்குளிப்பான் எழுதியது:

வணக்கம் சகோதரி. எனக்கு வயது 54. இரண்டு வயதில் வந்த போலியோவால் இடது காலில் காலிப்பர் என்ற தாங்குகருவி போட்டு நடப்பவன். முதலில் கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வருக்கு அப்பால் உள்ள நேத்ராணித் தீவிலும், பிறகு இரண்டு முறை அந்தமானின் ஹேவ்லாக் தீவிலும் இறங்கியிருக்கிறேன். ஹேவ்லாக்குக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர், போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். முன்பதிவு செய்யும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் தேடிப் பாருங்கள்.

தண்ணீருக்குள் நீங்கள் சமாளித்துக்கொள்வீர்கள். அங்கே என் இரண்டு கால்களுக்கும் ஒரே எடைதான். அறையிலிருந்து மணல், மணலிலிருந்து படகு, தண்ணீரிலிருந்து மீண்டும் படகு என்ற அந்தச் சிறு தூரங்களில்தான் நம்மைப் போன்றவர்களின் விடுமுறை நன்றாக அமைவதும் பாழாவதும் நடக்கிறது. ஆகவே உங்கள் விசாரணையில் முக்கால் பங்கு அதைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். முதல் நாள் காலை எட்டு மணிக்கு நான் போய் நின்றபோது, படகு தொலைவில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. இடையில் முழங்கால் அளவுத் தண்ணீரும், அதற்கடியில் கூரான பவளக் கற்களும் கிடந்தன. மற்றவர்கள் நடந்து போனார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் காலிப்பரின் மூட்டு துருப்பிடிக்கும், தோல் பட்டை விறைத்துவிடும் என்பதால் அதைக் கழற்றி வைத்துவிட்டிருந்தேன். படகுக்காரர்கள் இருவர் கைகளைக் கோத்து நாற்காலியாக்கி என்னைத் தூக்கிச் சென்றார்கள். பாதி வழியில் ஒருவருடைய கால் வழுக்கியது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அன்று முழுவதும் எனக்கு மீன்களில் கவனம் செல்லவில்லை. மறுநாளுக்கான ஏற்றவற்ற நேரத்தை அன்று மாலையே கேட்டு, தண்ணீர் கரையோரம் வரை ஏறியிருக்கும் வேளையில் புறப்படும்படி மாற்றிக்கொண்டேன். படகு கரைக்கே வந்தது, நாலே எட்டில் ஏறிவிட்டேன். உங்கள் பயணத் தேதிகளை முடிவு செய்வதற்கு முன்பே ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது. படகுத்துறையிலிருந்து ஏற முடியுமா என்பதையும் கேளுங்கள்.

தண்ணீரிலிருந்து படகில் ஏறுவது அடுத்த சிக்கல். எடைப் பட்டையையும் சிலிண்டருடன் சேர்ந்த மிதவைச் சட்டையையும் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், அதன் பிறகுதான் உடலை ஏற்ற வேண்டும். ஏணியின் படத்தையும், படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதையும் வாட்ஸப்பில் கேட்டு வாங்குங்கள். படகுக்காரர்கள் தூக்குவதில் அன்பு இருக்கிறது, முறை இல்லை. இரு கைகளையும் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் நாளே அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று நீங்களே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

தங்குமிடம் பற்றியும் ஒரு வார்த்தை. "வீல்சேர் ரூம் இருக்கிறது" என்பார்கள், போய்ப் பார்த்தால் வாசலில் மூன்று படி இருக்கும். குளியலறைக் கதவின் அகலத்தை அளவு நாடா வைத்து அளந்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். மணலில் போக மரப்பாதை இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சென்னை மெரினாவிலேயே 2022 நவம்பரில் திறந்த பாதையை இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் உடைத்துப் போட்டது நினைவிருக்கும்.

மறுவாழ்வுத்துறை எழுதியது:

நான் தண்டுவடக் காயம்பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய இயன்முறை மருத்துவர். முக்குளிப்பான் ஐயா கூறியவற்றுடன் உடல் தொடர்பான சிலவற்றைச் சேர்க்கிறேன். இறுதி முடிவை உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே எடுக்க வேண்டும்.

டைவ் மையங்கள் தரும் மருத்துவக் கேள்வித்தாளில் ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று வந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் கையெழுத்துத் தேவைப்படலாம். அதற்காக 'இல்லை' என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படிவத்தை இப்போதே வாங்கி, உங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரிடமும், முடிந்தால் டைவிங் மருத்துவம் அறிந்த ஒருவரிடமும் காட்டுங்கள். நுரையீரல், காது, இதயம் ஆகியவற்றுடன், வலிப்போ இசிவோ வருவதுண்டா, அவற்றுக்கு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். தண்டுவடத்தில் டி6 என்ற இடத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்குத் திடீரென இரத்த அழுத்தம் எகிறும் ஆபத்து உண்டு. உங்களுடையது அதற்குக் கீழே உள்ள டி12 என்பதால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அழுத்தம் குறையும்போது உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ்களாக மாறுவதால் வரும் நோயின் அறிகுறிகளில் கால் மரத்துப்போவதும் வலுவிழப்பதும் முக்கியமானவை. உங்களுக்கு அங்கே ஏற்கனவே உணர்ச்சி இல்லாததால், புதிதாக ஒன்று நடந்தாலும் தெரியாமல் போகலாம். ஆகவே பயணத்துக்கு முன், உணர்ச்சி எந்த மட்டம் வரை இருக்கிறது, எந்தத் தசைக்கு எவ்வளவு பலம் என்பதை முழுமையாகப் பரிசோதித்து, எழுத்தில் வாங்கி உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று வந்தால், பார்க்கும் மருத்துவருக்கு ஒப்பிட அந்த ஒரு தாள்தான் இருக்கும்.

அடுத்து தண்ணீர் குடிப்பது. கழிப்பறைக்குப் பயந்து பயண நாளில் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டைவிங்கில் அது ஆகாது. உடலில் நீர் வற்றியிருப்பது மேற்சொன்ன நோய்க்கு இடம்கொடுக்கும் காரணங்களில் ஒன்று. வெட்சூட் எனும் ரப்பர் நீச்சல் உடையைப் போடுவதற்குச் சற்று முன் கதீட்டர் வைத்துச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, படகில் அடுத்த முறைக்கு ஒரு மறைவான இடம் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

உணர்ச்சியற்ற தோலைக் காப்பாற்றுவது உங்களுக்குப் பழகிய வேலைதான், ஆனால் கடலில் எதிரிகள் புதியவர்கள்: வெயிலில் காய்ந்த படகின் தகரத் தளம், பவளத்தின் விளிம்பு, பிட்டத்துக்கடியில் சுருண்டுகிடக்கும் வெட்சூட்டின் ஒரு மடிப்பு. தடித்த உள்ளங்கால் கொண்ட காலுறை போடுங்கள், படகிலும் உங்கள் மெத்தையை விட்டு உட்காராதீர்கள். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பதை விடுமுறை என்று விட்டுவிடாதீர்கள். காயத்துக்குக் கீழே நடுக்கம் வராததால் குளிர் ஏறுவதே தெரியாது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, ஆகையால் கடல் வெதுவெதுப்பாக இருந்தாலும் முழு நீள வெட்சூட் தேவை. கால் எலும்புகள் இத்தனை ஆண்டுகளில் வலுவிழந்திருக்கலாம். தூக்குபவர்கள் காலைத் திருகவோ தொங்கவிடவோ கூடாது.

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

டைவிங் பயிற்றுநர் என்ற முறையில் எழுதுகிறேன்.

கால் அசையாதவர்களுக்குத் தண்ணீரில் ஏற்படும் முதல் தொல்லை, கால்கள் மேலே எழும்பி உடல் தலைகீழாகச் சாய்வது. மெலிந்த கால்களுக்கு மேல் வெட்சூட்டின் ரப்பர் வேறு மிதக்கும். கணுக்காலில் சிறு எடைகளைக் கட்டி, சிலிண்டரை மேலோ கீழோ நகர்த்தி, கட்டிய எடைகளை இடம் மாற்றி மாற்றித்தான் உடலைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவர முடியும். இதற்குக் குளத்தில் ஒரு முழு அமர்வு ஆகும். படகில் நின்றுகொண்டு அவசரமாகச் செய்யக்கூடியதல்ல. விரலிடையில் சவ்வுள்ள கையுறை போட்டுக்கொண்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் கூடுதல் தூரம் போகலாம். ஆனால் கைகளே துடுப்பாகிவிட்ட பிறகு, மூக்கைப் பிடித்துக் காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்யவும், மிதவைச் சட்டையின் பொத்தானை அழுத்தவும், சைகை காட்டவும் அதே கைகள்தான். ஆகவே ஒரு கையால் நிலையாக இருந்து மறு கையால் வேலை செய்யப் பழகுங்கள். மற்றொன்று, பெருவிரலை உயர்த்திக் காட்டினால் தண்ணீருக்குள் 'மேலே போகலாம்' என்று பொருள், 'நன்றாக இருக்கிறேன்' என்பதல்ல.

பயிற்றுநரிடம், மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். டைவிங் பயிற்சிச் சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பில் 'அடாப்டிவ் டெக்னிக்ஸ்' என்ற பயிற்சி இருக்கிறது. அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய ஹேண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷன், உடற்குறையின் பெயரை வைத்துப் பிரிக்காமல், நீருக்குள் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதை வைத்து மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. தன்னையும் பார்த்துக்கொண்டு உடன் இறங்கும் துணைவருக்கும் உதவ முடிந்தவர், மற்றவர்களைப் போல ஒரு துணையுடன் இறங்கலாம். தன்னை மட்டும் பார்த்துக்கொள்ள முடிந்தவருக்கு இரண்டு துணைவர்கள் வேண்டும். முழு உதவி தேவைப்படுபவருக்கும் இருவர் வேண்டும், அவர்களில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். சான்றிதழ் எதுவும் வேண்டாம், ஒரு முறை பார்த்தால் போதும் என்றாலும், உங்களுடன் இருவர் இறங்குவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அறிமுக டைவில் அதிகபட்சம் 12 மீட்டர்தான், அதிலும் ஐந்தாறு மீட்டரிலேயே நீங்கள் பார்க்க விரும்புவதெல்லாம் இருக்கும்.

பெங்களூரில் நீச்சல் குளத்தில் பயிற்சி தரும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அந்தமானுக்கு முன் குளத்தில் நான்கைந்து முறை இறங்குங்கள், அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் பயணச்சீட்டு எடுங்கள். நேத்ராணியை முதல் கடலாக நான் பரிந்துரைக்க மாட்டேன். கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் திறந்த கடலில் படகுப் பயணம், அலையில் உங்களால் காலை ஊன்றி உட்கார முடியாது.

ஜெயநகர்4வதுபிளாக் எழுதியது:

சுருக்கமாக இரண்டு விஷயங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும், பாலிசியை வரி வரியாகப் படியுங்கள். விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரம் முன்பே உங்கள் தேவையைத் தெரிவித்து, சொந்த நாற்காலியை விமானத்தின் கதவு வரை பயன்படுத்தக் கேளுங்கள்.

திரும்பும் விமானத்தையும் கவனியுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். உங்களுக்கு இதைவிட அதிகம் விடுவதே நல்லது என்பது என் கருத்து. கடைசி டைவுக்கு மறுநாள் படகில் ஸ்ரீ விஜயபுரம் வந்து, அதற்கு அடுத்த நாள் விமானம் ஏறும்படி வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கவே வேண்டியதில்லை.

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஜனவரிப் பயணத்தை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவிட்டோம். அக்கா சற்று முணுமுணுத்தாள், பிறகு சரி என்றுவிட்டாள். மருத்துவரிடம் படிவத்தைக் காட்டிவிட்டேன். நுரையீரல் பரிசோதனையும், மறுவாழ்வுத்துறை அம்மா சொன்ன நரம்பியல் பரிசோதனையும் அடுத்த வாரம். குளத்தில் முதல் அமர்வு சென்ற சனிக்கிழமை நடந்தது. தூத்துக்குடிக்காரர் எழுதியபடியே கால்கள் இரண்டும் மேலே போய், நான் வௌவாலைப் போலத் தொங்கினேன். கணுக்காலுக்கு அரைக் கிலோ வீதம் கட்டிய பிறகு சற்றே அடங்கின, அடுத்த வாரம் சிலிண்டரை நகர்த்திப் பார்க்கலாம் என்றார் பயிற்றுநர்.

மூன்றாவதாக ஒரு டைவ் மையத்தை அழைத்தேன். பேசியவர் முதலில் என் எடையைக் கேட்டார். பிறகு எந்தக் கை பலமானது, நாற்காலியிலிருந்து தரைக்குத் தனியாக இறங்குவேனா, படகில் யார் தொடுவதை விரும்பவில்லை என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அங்கேயே பதிவு செய்துவிட்டேன். அவர் சொன்ன தங்குமிடத்திலிருந்து அளவு நாடா வீடியோவும் வந்தது. குளியலறைக் கதவு 58 சென்டிமீட்டர், என் நாற்காலி 61. வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹேவ்லாக்கில் அகலமான கதவுள்ள அறை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.