வாக்கர் பிடித்து நடப்பவர்களுக்குச் சென்சாரை எங்கே பொருத்துவது?

அலைவரிசை கேட்டது:
வணக்கம். வாக்கர் உதவியுடன் நடக்கும் முதியவர்கள் 7 நாள் தொடர்ந்து அணியும் கருவி ஒன்றை அமைக்கிறோம். இதயத் துடிப்பு, அதன் ஒழுங்கு, மூச்சு எண்ணிக்கை, விழுந்தால் எச்சரிக்கை ஆகிய நான்கும் வேண்டும். மணிக்கட்டுப் பட்டையில் உட்கார்ந்திருக்கும்வரை துடிப்பு சரியாக வருகிறது. பல் துலக்கினாலே தாறுமாறாகிவிடுகிறது. வாக்கரோடு நடந்தால் அடிகள் பாதிகூடப் பதிவாவதில்லை. மென்பொருளைத் திருத்துவதா, இடத்தை மாற்றுவதா?

துடிப்பு:
இடத்தை மாற்றுங்கள். மணிக்கட்டுப் பட்டையின் ஒளிச் சென்சார் தோலில் வெளிச்சம் பாய்ச்சித் துடிப்பை அறிகிறது. அதற்குத் திரும்பி வரும் வெளிச்சத்தில் நாடித்துடிப்பின் பங்கு நூற்றில் ஒன்றிரண்டுதான். மணிக்கட்டில் தசைநாண்கள் அசைந்தாலே அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும். நிமிடத்துக்கு 100 அடி நடப்பவரின் அசைவும் 100 துடிப்பும் ஒரே அதிர்வெண்ணில் விழுவதால் வடிகட்டியால் பிரிக்கவும் முடியாது. குளிரில் ரத்த நாளங்கள் சுருங்கினால் சிக்னல் இன்னும் மெலியும். பட்டையை இறுக்குவதும் தீர்வல்ல. அளவு மீறினால் நுண்நாளங்கள் நசுங்கிச் சிக்னலே போய்விடும்.

அடி குறைவதற்குக் காரணம் எளிது: கை வாக்கரின் பிடியில் நிலையாக இருக்கிறது, வீச்சே இல்லை. அடி எண்ணிக்கை அவசியம் என்றால் கணுக்காலில் தனியாக ஒன்று கட்டுங்கள்.

துடிப்பு மட்டும் போதுமென்றால் மேற்கையே போதும். ஒழுங்கும் வேண்டும் என்கிறீர்கள். அதற்கு இதயத்தின் மேலறைகளில் எழும் மின்னலையான பி அலை தெரிய வேண்டும். அது தெரிய ஈசிஜி (இதயத்தின் மின்பதிவு) தேவை. ஆகவே மார்பில் ஒட்டும் பேட்ச்தான்.

பேட்ச்காரர்:
மார்பு என்று முடிவானால் கோணம் முக்கியம். ஒரு எலக்ட்ரோடு (மின்னலையைப் பிடிக்கும் முனை) நெஞ்செலும்பின் மேற்பகுதியில், மற்றொன்று அங்கிருந்து இடது கீழ்நோக்கிச் சாய்வாக. இதயத்தின் மின் அச்சு பொதுவாக வலது மேலிருந்து இடது கீழாக ஓடுவதால் இந்தச் சாய்வில் பி அலை நன்றாக எழும்.

உங்கள் பயனர்களுக்கு இன்னொரு சிக்கல். வாக்கரை அழுத்தும்போது மார்புத் தசை இறுகும். அந்தத் தசையின் மின்னலைகள் ஈசிஜியில் புல் முளைத்ததுபோலத் தெரியும். தோள்பக்கம் நகராமல், தசை மெலிந்த நெஞ்செலும்பை ஒட்டியே வையுங்கள்.

தோலைத் தயாரிப்பது: முடியை டிரிம்மரால் வெட்டுங்கள், சவரம் வேண்டாம், சிறு கீறல் போதும் ஒரு வாரம் எரிய. ஆல்கஹாலால் துடைத்து முழுதும் உலரவிடுங்கள். ஈரத்தில் ஒட்டினால் ஓரம் பிரியும். மேல்தோலை மென்மையாகத் தேய்த்தால் தோல் இழுபடும்போது ஈசிஜி கோடு மேலும் கீழும் அலையும் அடிக்கோட்டு ஆட்டம் குறையும். காகிதம்போல மெலிந்த தோலில் தேய்க்கவே கூடாது. பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் பொருத்திய கருவி) பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழேதான் இருக்கும். அதன்மேல் ஒட்டாதீர்கள்.

நிலைமானி:
மூச்சு எண்ணிக்கையை, மூச்சோடு சேர்ந்து மாறும் துடிப்பு இடைவெளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிட நினைத்தால் வேண்டாம். வயதாக ஆக அந்த ஏற்ற இறக்கம் குறையும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) இருந்தால் பயன்படாது. அசையாமல் இருக்கும் நேரத்தில் முடுக்கமானி (அசைவையும் சாய்வையும் அளக்கும் சென்சார்) காட்டும் மார்பின் சிறு சாய்வை எடுங்கள். நடக்கும்போது வரும் எண்ணைக் காட்டாமல் விடுவதே நேர்மை.

விழுதலைக் கண்டறியவும் மார்பு உள்ள நடுவுடல்தான் நல்லது. முடுக்கமானியின் ±2 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வரம்பு மோதலில் முட்டிவிடும். ±8 ஜிக்குக் குறையாமல் வையுங்கள், விநாடிக்கு 50 அளவீடு (50 ஹெர்ட்ஸ்) போதும். நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிபவர்களிடம் மோதல் அதிர்வே இராது. அதனால் உடல் சாய்ந்த கோணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒட்டியதும் 5 விநாடி நேராக நிற்கவைத்து 'மேல்' எது என்று பதியாவிட்டால் கூன் விழுந்தவர்களிடம் கோணம் தவறும்.

அலைவரிசை:
மிக்க நன்றி. பின்னாளில் ஆக்சிஜன் அளவையும் அதே பேட்ச்சில் சேர்க்கலாமா?

துடிப்பு:
சேர்க்காதீர்கள். மார்பில் நாடித்துடிப்பு மிகச் சிறிது. மூச்சு அசைவும் சிரை ரத்தமும் ஆக்சிஜனைக் கணக்கிட உதவும் சிவப்பு (660 நானோமீட்டர்), அகச்சிவப்பு (940 நானோமீட்டர்) ஒளிகளின் விகிதத்தைக் கெடுக்கும். விரல் அல்லது காதுமடலில் தனியாக அளவிடுங்கள்.

இடத்தை உறுதிசெய்யும் முன் ஒரு சோதனை: மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் ஒட்டி, படுத்தல், கையூன்றி எழுதல், வாக்கர் நடை, பல் துலக்கல் ஒவ்வொன்றும் 2 நிமிடம். ஹோல்டர் (ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் கருவி) பதிவோடு துடிப்புக்குத் துடிப்பு ஒப்பிடுங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் கையூன்றி எழும் அந்தச் சில விநாடிகளின் பிழை மறைந்துவிடும்.