மறு: பிலியரி காலிக் – தமிழில் ‘பித்தப்பைப் பிடிவலி’ எனலாமா?

குழும நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பித்தப்பையில் அடைப்பு ஏற்பட்டு வருகிற வலியை ஆங்கிலத்தில் ‘பிலியரி காலிக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த சொற்களை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தேன். பித்தச் சூலை, பித்தக் கடுப்பு, கல்லடைப்பு வலி என்று சில வந்திருக்கின்றன, ‘பிலியரி காலிக்’ என்றே தமிழில் எழுதிவிட்டுப் போகலாமே என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் மதுரையில் ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. வருகிறவர்களிடம் என்ன தொந்தரவு என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும், எப்படித் தயாராகி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் என் வேலை. அதற்காக ஒரு துண்டுச்சீட்டு அச்சடிக்கப் போகிறோம், அதில் இந்தச் சொல் வர வேண்டும். எனவே எந்தச் சொல்லைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி 11 மணிக்கு நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் ஒருவர் இதைப் படித்தால், எனக்கு வருவது இதுதான் போல என்று தெரிந்துகொண்டு டாக்டரிடம் போவாரா, இல்லை வழக்கம்போல் கேஸ் மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்புவாரா?

முதலில் வலி எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். பித்தப்பை கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை, 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், 30 முதல் 50 மில்லி வரை கொள்ளும். கல்லீரல் சுரக்கிற பித்தநீரைச் சேர்த்துக் கெட்டியாக்கி வைத்துக்கொண்டு, நாம் கொழுப்பாக ஏதாவது சாப்பிட்டதும் சுருங்கி அதைக் குடலுக்கு அனுப்புகிறது. உள்ளே கல் இருந்து, அது பையின் கழுத்திலோ அதை ஒட்டிய குழாயிலோ போய் அடைத்துக்கொண்டால், பை அந்த அடைப்புக்கு எதிராக இறுகும். வலி அப்போதுதான். கல் நகர்ந்து பைக்குள் திரும்ப விழுந்துவிட்டால் வலியும் அடங்கிவிடும். ஆளை ஏமாற்றுவது இந்தக் கடைசி விஷயம்தான். வலி வந்ததும் சோடா குடிப்பார்கள், ஓமத் தண்ணீர் குடிப்பார்கள், மெடிக்கல் கடையில் கேட்டு கேஸ் மாத்திரை போடுவார்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் கல் தானாக நகர்ந்து வலி நிற்கும், நல்ல பெயர் சோடாவுக்குப் போய்விடும். அடுத்த கிடாவெட்டு விருந்து முடிந்த ராத்திரி மறுபடியும் வரும்.

இனி சொற்கள்.

> ‘சூலை’ என்று ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சொல் நம்மிடம் இருக்கும்போது புதிது எதற்கு?

சித்த மருத்துவர் ஐயா கேட்டதில் நியாயம் இருக்கிறது. திருநாவுக்கரசர் சூலை நோயில் துடித்துத் திருவதிகைக்குப் போன கதை நமக்கெல்லாம் தெரியும், வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி என்ற பொருளும் அந்தச் சொல்லில் அப்படியே இருக்கிறது. ஆனால் இன்றைக்கு மேலூரிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ வருகிற யாரும் ‘எனக்குச் சூலை’ என்று சொல்வதில்லை. சித்த மருத்துவத்தில் மூட்டு, தசை வலிகளுக்கும் சூலை என்ற பெயர் உண்டு என்பது ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்னொரு பக்கம், பள்ளியில் சூல், சூலகம், சூற்பை என்று படித்த பிள்ளைகள் ‘பித்தச் சூலை’யைப் பார்த்தால் கர்ப்பப்பை சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஏற்கெனவே பெண்களுக்கு வயிற்றில் எங்கே வலித்தாலும் ‘கர்ப்பப்பைக் கோளாறாக இருக்கும்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்றதை ஒட்டியும் அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. அவர்களை வேறு பக்கம் திருப்பிவிடக்கூடிய சொல் வேண்டாம் என்பது என் கருத்து.

> பித்தக் கடுப்பு சின்னதாக இருக்கிறது, வாயில் நிற்கிறது.

நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடுப்பு என்றதும் நம் ஊரில் நீர்க்கடுப்பும் சீதக்கடுப்பும்தான் ஞாபகத்துக்கு வரும், இரண்டுமே கீழ்வயிற்றுச் சங்கதி. அதைவிடப் பெரிய சிக்கல் ‘பித்தம்’ தனியாக நிற்பதில் இருக்கிறது. தலைசுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், காலையில் குமட்டினால் பித்தம், இள வயதில் முடி வெளுத்தால் பித்தநரை, குதிகால் வெடித்தால் பித்தவெடிப்பு. இவற்றில் எதற்கும் பித்தப்பைக்குள் இருக்கும் கல்லோடு தொடர்பு கிடையாது. ‘பித்தக் கடுப்பு’ என்று சீட்டில் அச்சடித்தால் வாசிக்கிறவர் நேரே எலுமிச்சைச் சாற்றுக்கும் இஞ்சி மொரப்பாவுக்கும் போய்விடுவார். அதனால் எந்தச் சொல்லாக இருந்தாலும் ‘பித்தப்பை’ என்று உறுப்பின் பெயர் முழுதாக வர வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பை என்று கேட்டதும்தான் ‘அது எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள், வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்ட நமக்கும் ஓர் இடம் கிடைக்கிறது.

கல்லடைப்பு வேலைக்கே ஆகாது. அது காலம் காலமாகச் சிறுநீர்க் கல்லுக்கு உள்ள பெயர். பித்தப்பையில் கல் என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போனவர்கள் வாழைத்தண்டுச் சாறாகக் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். சிறுநீரில் இறங்குகிற கல் இல்லையே இது! பித்தப்பையிலிருந்து சிறுநீர்ப் பாதைக்கு வழியே கிடையாது.

‘பிலியரி காலிக்’ என்று அப்படியே எழுதுவதைப் பற்றி ஒரு விஷயம். காலிக் என்றால் அலை அலையாக, விட்டு விட்டு வருகிற வலி. பித்தப்பை வலி அப்படி வருவதில்லை என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உச்சிக்குப் போய், அங்கேயே விடாமல் நிற்கும், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சில மணி நேரம் வரைக்கும். பழைய பெயர் என்பதால் ஆங்கிலத்தில் அதை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொருத்தமில்லாத பெயரை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்?

இங்கேதான் எனக்கு ‘பிடிவலி’ தோன்றியது. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், பேரன் காதுகுத்துக்குக் கறிவிருந்து சாப்பிட்ட ராத்திரி வந்த வலியை இப்படிச் சொன்னார்: “கேஸ்தான் சாமி, ஆனா நெஞ்சுக்குழியில ஒரே பிடியாப் பிடிச்சிருச்சு, முதுகுக்குப் போயி தோள்பட்டை வரைக்கும் ஏறிருச்சு, ஏப்பம் விட்டாலும் போகல, புரண்டு படுத்தாலும் போகல, விடியக்காலந்தான் விட்டுச்சு.” படிப்பில்லாத அம்மாதான், ஆனால் டாக்டர் கேட்கிற விவரம் முக்கால்வாசி அதில் வந்துவிட்டது. எண்ணெயும் கொழுப்பும் கூடின சாப்பாட்டுக்குப் பிறகு, பெரும்பாலும் ராத்திரியில், நெஞ்சுக்குழியிலோ வலது மேல்வயிற்றிலோ தொடங்கி வலது தோளுக்கோ முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவிலோ பரவி, ஏப்பத்துக்கும் கழிப்பறைக்கும் கேஸ் மாத்திரைக்கும் அடங்காமல், குமட்டலோடும் சில சமயம் வாந்தியோடும் வருவதுதான் இந்த வலி. ‘ஒரே பிடியாப் பிடிச்சிருச்சு’ என்பதை நான் வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன், அல்லையைப் பிடித்துக் காட்டியபடி. சுடுநீர், ஊறுகாய் போல பிடிவலியும் வினைத்தொகை, இலக்கணத்துக்கும் இடிக்காது. பித்தப்பைப் பிடிவலி.

நேற்று இரண்டு நண்பர்களுக்குத் தனிமடலில் இதை அனுப்பினேன். வந்த மறுப்புகளை இங்கேயே வைக்கிறேன்.

> பிடிப்பு என்றால் தசைப்பிடிப்பு, வாயுப்பிடிப்பு என்று எடுத்துக்கொள்வார்களே?

பிடிப்பு என்று எழுதினால் அப்படித்தான் ஆகும், அதனால்தான் பிடிவலி. முன்னால் பித்தப்பை என்று இருப்பதால் முதுகுச் சுளுக்கோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். இதைவிட நல்ல வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

> நேராகப் பித்தப்பைக் கல்வலி என்றால் என்ன? பல்வலி மாதிரி எல்லோருக்கும் புரியுமே.

திருமங்கலம் தம்பி கேட்டது. எனக்கும் இது மிகவும் பிடித்திருந்தது, முந்தாநாள் வரை அந்தக் கட்சியில்தான் இருந்தேன். யோசித்துப் பார்த்தால் சரிவரவில்லை. வலி வருகிற அன்று கல் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரியும். கல்லாக உருண்டு திரளாத சேறு மாதிரியான படிவு மட்டும் இருந்தும் இதே வலி வருகிறது. இன்னொரு பக்கம், பித்தப்பையில் கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க இந்த வலியே வருவதில்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிகிற கற்கள் அவை. வலியே இல்லாத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் பொதுவான மருத்துவ வழக்கம், பிடிவலி வந்து போயிருந்தால்தான் பையை எடுத்துவிடும் பேச்சு வருகிறது. ஆகவே கல் வேறு, வலி வேறு. அறுவை மருத்துவர் ‘உங்களுக்கு வருகிற வலி எப்படிப்பட்டது?’ என்று துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான். ‘கேஸ்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு சொல் கையில் இல்லாதவர் அங்கே என்ன பதில் சொல்வார்? நாம் இத்தனை மடல் எழுதி மல்லுக்கட்டுவது அவருக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. தமிழில் நல்ல பெயர் வைத்துக் கொடுத்தால் மக்கள் தாங்களே நோயை முடிவுசெய்துகொண்டு சும்மா இருந்துவிடுவார்கள் என்று ஒரு செவிலியர் அக்கா எழுதியிருந்தார். உண்மை. நெஞ்சுக்குழி வலி மாரடைப்பாகவும் இருக்கலாம், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் 40 வயது தாண்டியவர்களுக்கும். வியர்த்துக்கொட்டினால், மூச்சு முட்டினால், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் எங்கள் மையத்துக்கு வர வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு முதலில் ஈசிஜி எடுக்கட்டும். அதற்காகப் பெயரே வைக்காமல் விட்டுவிட முடியாது. ‘கேஸ்’ என்ற பெயர் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, சும்மா இருக்க வைப்பது அதுதான். அக்காவின் எச்சரிக்கையைச் சீட்டிலேயே, பெரிய எழுத்தில், மேலே போட்டுவிடுகிறேன்.

சீட்டுக்கு நான் எழுதியிருக்கும் வாசகம் இது, சொல்லையும் வாசகத்தையும் சேர்த்தே பாருங்கள்:

“பித்தப்பைப் பிடிவலி: நெஞ்சுக்குழியில் அல்லது வலது மேல்வயிற்றில் விடாமல் பிடித்து, அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, தோளுக்கோ முதுகுக்கோ பரவும் வலி. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகோ நள்ளிரவிலோ வரலாம். தானாக அடங்கினாலும் டாக்டரைப் பார்த்து வயிற்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். வலி 5 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், குளிர்காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்திலும் மலம் வெளிறியும் போனால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்கேனுக்கு முன் 6 முதல் 8 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. பால், டீ, காபியும் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம்.”

டீயை ஏன் தனியாகக் குறிப்பிடுகிறீர்கள் என்று கேட்பீர்கள். ‘ஒண்ணும் சாப்பிடல, டீ மட்டும் குடிச்சேன்’ என்று வருகிறவர்கள் அத்தனை பேர். பாலில் உள்ள கொழுப்புக்கே பை சுருங்கிவிடும், சுருங்கின பைக்குள் சின்னக் கல்லைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெறும் வயிற்றில் வந்தால் பை நிறைந்து விரிந்திருக்கும், கல் வெள்ளையாக மின்னும், அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும், இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னால் உருண்டு நகர்வதும் தெரியும். பைக்குள் இருக்கும் கல்லை ஸ்கேன் அநேகமாகத் தவறவிடாது. பையை விட்டு வெளியேறிப் பொதுப் பித்தக்குழாயில் மாட்டிய கல் அவ்வளவு எளிதாகத் தெரியாது, அங்கே கல் இருக்கும் என்று ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் எம்ஆர்சிபி (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எழுதுவார்கள்.

மஞ்சள் கண் என்று எழுதியதும் சித்த மருத்துவர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். காமாலை என்றாலே கீழாநெல்லி என்று போகிற பழக்கம் நம் கிராமங்களில் ஆழமாக இருக்கிறது. பிடிவலியோடும் குளிர்காய்ச்சலோடும் வருகிற காமாலை குழாய் அடைத்து உள்ளே சீழ் பிடிப்பதால் வரலாம், அதில் ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து. ஐயா போன்றவர்கள் தங்களிடம் வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் என் சீட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பதானால் ‘பித்தப்பைப் பிடிவலி’ என்று முழுதாகவே பதியலாம், பேச்சில் வெறும் பிடிவலி என்று சுருங்கினால் சுருங்கட்டும். சிறுநீரகக் கல்லால் வருகிற வலிக்கு இதே பெயரை ஒட்டவைக்க வேண்டாம். அந்த வலி ஏறி இறங்கி வருவது, ஆள் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைவார், அதற்குத் தனியாக வேறு சொல் பார்க்கலாம்.

சீட்டு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்றுச் சொல் இருந்தாலும், வாசகத்தில் திருத்தம் இருந்தாலும் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள். டாக்டர்கள் யாராவது அந்த 5 மணி நேரக் கணக்கை ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது, சில நூல்களில் 6 என்று இருக்கிறது, நான் முன்கூட்டியே கிளம்பட்டும் என்றுதான் 5 போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து