மறுமொழி: ரீப்ளூமிங் ஐரிஸ் – ‘மீள்பூப்பு’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். வசந்தத்தில் பூத்த பிறகு அதே ஆண்டில் இன்னொரு முறையும் பூக்கும் ஐரிஸ் பூச்செடி ரகங்களை ஆங்கிலத்தில் ‘ரீப்ளூமிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ரீப்ளூமிங் என்பதற்கு மீள்பூப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். கேட்டதும் புரிகிறதே.

புரிகிறது ஐயா, ஆனால் தவறாகப் புரிகிறது என்பதுதான் என் கவலை. ‘மீள்’ என்றதும், பூத்த தண்டே திரும்பவும் பூக்கிறது என்று எண்ணத் தோன்றும். தாடி ஐரிஸில் (கீழ் இதழ்களில் தாடி போன்ற மயிர் உள்ள வகை) அப்படி நடப்பதில்லை. இஞ்சி போல மண்மேல் படர்ந்து கிடக்கும் மட்டநிலத்தண்டில், பூத்த துண்டு பூத்ததோடு சரி. வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். தார் ஈன்ற மரம் மறுபடி ஈனுவதில்லை, பக்கக்கன்றுதான் அடுத்த தாரைத் தரும். ஐரிஸுக்கும் அதே கணக்குதான். சாதாரண ரகத்தின் கன்று ஒரு குளிர்காலத்தைத் தாண்டி அடுத்த வசந்தத்தில் பூக்கும். நாம் பெயர் தேடும் ரகத்தில் கன்று குளிருக்குக் காத்திராமல் அதே ஆண்டில் முதிர்ந்து பூத்துவிடுகிறது.

வட கரோலினாவில் என் வீட்டு வாசலில் ‘இம்மார்ட்டாலிட்டி’ வைத்திருக்கிறேன். லாய்ட் சர்பிரிக் உருவாக்கி 1982இல் வெளியான வெள்ளை ரகம். வசந்தத்தில் பூத்து முடிந்த தண்டை நறுக்கிவிட்டேன். அந்த வெட்டுத் தழும்புக்கு இருபுறமும் விசிறி மடிப்பு போன்ற இலைகளோடு இரண்டு கன்றுகள் வந்தன. அக்டோபரில் இடப்பக்கக் கன்றின் அடி தடித்தது. விரலால் மெல்ல அழுத்தினால் இலைகளுக்குள் மொட்டு தட்டுப்பட்டது. உறைபனி முந்திக்கொண்டால் அத்தனையும் போச்சு என்று தினமும் போய்ப் பார்த்தேன். பூத்தது. வலப்பக்கக் கன்று அடுத்த ஆண்டுக்கு என்று சும்மா இருந்துவிட்டது. இதில் ‘மீண்டது’ எது?

அப்புறம், ‘பூப்பு’. பூப்பு நன்னீராட்டு விழா அழைப்பிதழ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லில் வேறு பொருள்தான் முதலில் வரும். தாவரத்துக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

என் பரிந்துரை: மறுபூ.

ஒருபூ நிலம், இருபூ நிலம் என்பது நம் உழவர் வழக்கு. குமரி மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெற்பருவங்களையே சொல்கிறார்கள். அங்கே ‘பூ’ என்றால் ஒரு போகம், ஒரு விளைச்சல். ஐரிஸில் பூவும் அதுவே, போகமும் அதுவே. இரட்டைப் பொருளும் பொருந்தி வருகிற இப்படி ஒரு சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “மறுபூ ரகத்தை ஒருபூ ரகத்தோடு கலந்தால் முதல் தலைமுறை நாற்றுகளில் பெரும்பாலானவை ஒருபூவாகவே நிற்கும். மறுபூத் தன்மை வேண்டுமென்றால் அவற்றை மறுபடியும் ஒரு மறுபூ ரகத்தோடு கலக்க வேண்டும்.” நாக்கில் தடுக்கவில்லை. விதை முளைத்து முதல் பூவைப் பார்க்கவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும் வேலை இது. அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த, புது ஐரிஸ் ரகங்களை உருவாக்கிய சாஸ் சகோதரர்கள் 1920களிலேயே இலையுதிர்காலத்தில் பூக்கும் ரகங்களை வெளியிட்டார்கள். அந்தப் பொறுமைக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல்லாவது நாம் தர வேண்டாமா?

அப்படியானால் நேரடியாக இருபூ என்றே சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம்.

சில ரகங்கள் இதமான ஊர்களில் மூன்று முறையும் பூக்கின்றன. இருபூ அதற்கு இடம் தராது. முப்பூ என்றால் சித்த மருத்துவத்தில் அது ஒரு மருந்துப் பொருளின் பெயர். அதனால் பொதுச்சொல்லாக மறுபூ இருக்கட்டும். இடைவிடாமல் பூப்பவற்றைத் தனியே பிரிக்க வேண்டுமானால் ‘தொடர்பூ’ எனலாமா? அதில் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.