எசென்ஷியல் ஆயிலுக்கு ஆவியெண்ணெய் சரிப்படுமா?

வணக்கம் ஐயா, நண்பர்களே,

மண்ணுல இருந்து வர்ற பயிர் நோய்க்கு செடி எண்ணெய் போடுறத பத்தி ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், எசென்ஷியல் ஆயில்ங்கிற சொல்லு (செடியோட வாசத்தச் சுமக்கிற, காத்துல ஆவியாகிப் போற எண்ணெய்) வந்ததும், அதுக்குத் தமிழ்ல என்ன வைக்கிறதுன்னு முதல் பக்கத்துலயே நின்னுபோச்சு. நிறைய இடத்துல "அத்தியாவசிய எண்ணெய்"னு போட்டிருக்காங்க, அத முதல்ல ஒழிக்கணும். எசென்ஸ், அதாவது சாரம், அதுலேருந்து வந்த பேரு இது, அத்தியாவசியத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இதுக்கு ஐயா முன்னாடி இங்க சொன்ன "சாரெண்ணெய்" பொருளுக்கு ரொம்பப் பொருந்துது. ஆனா வாய்விட்டு சொல்லிப் பாருங்க, காதுல சாறுன்னுதான் விழும், எழுதுறப்போ பாதிப்பேர் றகரம் போட்டுருவாங்க, அப்புறம் இலைய அரைச்சுப் பிழிஞ்ச சாறும் இதுவும் ஒண்ணாயிடும். "நறுமண எண்ணெய்" பழகின சொல்தான், ஆனா பூண்டு எண்ணெயும் இந்த வகைதானே, அத மோந்து பாத்தவங்க நறுமணம்னு சொல்வாங்களா? யூகலிப்டஸ் மரத்த தைலமரம்னு ஏற்கெனவே சொல்றதால "தைலம்" மேல எனக்கும் ஆசை இருந்துச்சு, ஆனா சித்த மருத்துவத்துல தைலம்னா பெரும்பாலும் நல்லெண்ணெய்ல மூலிகை போட்டுக் காய்ச்சினது, குழப்பம் இன்னும் கூடும்.

வெள்ளத்தாள்ல வேப்பெண்ணெய் ஒரு சொட்டு, பக்கத்துல யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வச்சேன். வேப்பெண்ணெய் விழுந்த இடம் மறுநாளும் எண்ணெய்க் கறையா பளபளன்னு இருந்துச்சு, மத்தது விழுந்த இடத்துல வாசம்கூட இல்ல. எனக்கு இதுதான் முக்கியமாப் படுது, ஏன்னா மண்ணுக்குள்ள இது வேலை செய்யறதே பெரும்பாலும் ஆவியாகி மண் துளைங்க வழியாப் பரவித்தான். ஓம எண்ணெய்ல இருக்க தைமால், கிராம்பு எண்ணெய்ல இருக்க யூஜினால் எல்லாம் பூஞ்சையோட செல் சவ்வக் குலைக்குது. அதனால என் ஓட்டு "ஆவியெண்ணெய்"க்கு. ஒருத்தர் "வாலையெண்ணெய்"னு எழுதியிருந்தார், காய்ச்சி ஆவியாக்கி வடிக்கிற பாத்திரத்துக்கு இருந்த வாலைங்கிற பழைய சொல்லு திரும்பி வர்றது அழகாத்தான் இருக்கு, ஆனா எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய பெரும்பாலும் வாலைல வடிக்கிறதில்ல, அப்படியே பிழிஞ்சுதான் எடுக்கிறாங்க. எப்படி எடுத்தாலும் ஆவியாகும்ங்கிறது மட்டும் மாறாது.

இதே காரணத்தால ஃப்யூமிகேஷனுக்கு, அதாவது ஆவியாவோ வாயுவாவோ பரவுற மருந்தால மண்ணுல இருக்க கிருமியக் கொல்றதுக்கு, "புகையூட்டல்" வேண்டாம், "ஆவியூட்டல்"னு வைக்கலாம். இதுக்கு ரொம்ப நாள் பயன்பட்ட மெத்தில் புரோமைடு வாயுவுக்கே புகை கிடையாது, நிறமும் கிடையாது. ஓசோன் படலத்தக் காக்குற மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி அத மண்ணுக்குப் போடுறத வளர்ந்த நாடுகள் 2005லயும் மத்த நாடுகள் 2015லயும் நிறுத்தணும்னு ஆனப்புறம்தானே இந்த எண்ணெய்ங்க மேல இவ்வளவு கவனம் திரும்புச்சு. கடுகுச் செடிய நறுக்கி ஈர மண்ணுல உழுதுவிட்டா மூக்கத் துளைக்கிற ஆவி வருமே, அத "உயிர் ஆவியூட்டல்"னு தனியா வச்சுக்கலாம், அங்க அந்த ஆவி செடி நசுங்கினப்புறம்தான் உண்டாகுது.

ஃபுசேரியம் வாடல், பித்தியம் நாற்றழுகல் மாதிரி மண்ணுல இருக்க கிருமியால வர்ற நோய்க்கெல்லாம் "மண்வழி நோய்" போதும், விதைவழிக்கு ஜோடியா நிக்குது.

சிக்கல் கடைசிச் சொல்லுலதான். ஆய்வுக்கூடத் தட்டுல பூஞ்சைய அடக்கின அளவு மண்ணுல பத்தாது, களிமண்ணும் மக்கும் எண்ணெயப் பிடிச்சு வச்சுக்கும், நுண்ணுயிரிங்க தின்னுரும், ஸ்கிளிரோஷியம்ங்கிற பூஞ்சை விட்டுட்டுப் போற கடுகு சைஸ் உருண்டைங்க அவ்வளவு லேசுல சாகவும் சாகாது. சரின்னு அளவக் கூட்டினா பயிருக்கே கேடு, அதனாலதான் விதைக்கிறதுக்கு முன்னாடியே போட்டு, பிளாஸ்டிக் ஷீட்டால மூடி, சில நாள் விட்டு அப்புறம் விதைக்கச் சொல்றாங்க. இந்தக் கேட்டுக்கு, ஃபைட்டோடாக்சிசிட்டிக்கு, என்ன சொல்லு? இலைல பட்டுக் கருகினா "மருந்துக்கருகல்"னு சொல்லிரலாம், ஆனா விதை முளைக்காமலே போறதும் வேர் குட்டையா நின்னுபோறதும் கருகல் இல்லையே. "பயிர்நஞ்சு"ன்னா பயிரே நஞ்சுன்னு படிச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு. ஐயா, உங்களுக்கு ஏதாவது தோணுதா?