நியூரோசைக்காலஜி பிரிவு: ஆஸ்பத்திரிக்கு வரவா, செலவா?

கணக்குப்பிள்ளை:
தனியார் ஆஸ்பத்திரி நரம்பியல் துறைக்கு முழுநேர நியூரோசைக்காலஜிஸ்ட் (நினைவு, கவனம் போன்ற மூளைத் திறன்களை டெஸ்ட் வைத்து அளக்கும் உளவியலாளர்) கட்டுப்படியாகாது என்பது என் கட்சி. முழு மதிப்பீடு என்றால் பேட்டியும் டெஸ்டும் 4 மணி நேரம், ஸ்கோர் போட்டு ரிப்போர்ட் எழுத இன்னும் 3. ஒரு ஆளின் ஒரு நாளுக்கு ஒரே பில். அதே நாளில் எம்.ஆர்.ஐ. மெஷின் பதினைந்து, இருபது பேரைப் பார்த்துவிடும். புறநோயாளி டெஸ்டுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் கிளெய்மும் கிடையாது. மறதி என்று வருபவருக்குப் மோகா என்ற பத்து நிமிட, 30 மதிப்பெண் டெஸ்ட் போதாதா?

டெஸ்ட்மேஜை:
மோகா வெறும் ஸ்கிரீனிங். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டுவார்கள், கல்விக்கான சலுகை அவ்வளவுதான். ஐந்தாவதோடு நின்ற பாட்டி கனசதுரம் வரையத் தெரியாமல், 100லிருந்து ஏழேழாகக் கழிக்கத் திணறி, இயல்பின் எல்லையான 26க்குக் கீழே போனால் டிமென்ஷியாவா? அதை நம்பி மறதி நோய் மாத்திரையான டோனெபெசில் ஆரம்பித்தால் வருடக்கணக்கில் மாத்திரைச் செலவு. மனச்சோர்வு மறதியில், கேட்ட வார்த்தைகள் தானாக வராவிட்டாலும், திரும்பப் படித்துக் காட்டினால் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடுவார். அல்சைமரில் அதுவும் தப்பும், பட்டியலில் இல்லாத வார்த்தைக்கும் ‘ஆமாம்’ வரும். மோகாவின் 5 வார்த்தைகளை வைத்து இதை நம்பிச் சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை:
சரி, மிச்சம் நோயாளிக்கு. சம்பளச் செலவு ஆஸ்பத்திரிக்கு. என் கேள்வியே அதுதானே?

வலிப்புவார்டு:
இரண்டு பேரும் மெமரி கிளினிக்கையே சுற்றுகிறீர்கள். வலிப்பு சர்ஜரிக்கு வாருங்கள். 2001இல் வெளியான கனடா ஆய்வில், டெம்போரல் லோப் (மூளையின் பக்கவாட்டுப் பகுதி) சர்ஜரிக்கு அனுப்பப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 சதவீதம். ஆனால் இடப்பக்கம் வெட்டும்போது, நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் சுருங்காமல், வார்த்தை நினைவும் நன்றாக இருந்தால், அந்த நினைவு போகும் ஆபத்து அதிகம். வலிப்பு நின்று, வாத்தியாருக்குப் பாடம் மறந்தால் என்ன சர்ஜரி அது? இதை முன்கூட்டிச் சொல்வதில் எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது.

பில்லுக்கும் வழி இருக்கிறது. வலிப்பைப் பதிவு செய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி.க்கு எப்படியும் சில நாள் அட்மிஷன். டெஸ்டையும் அதிலேயே முடித்து பேக்கேஜில் சேருங்கள். வலிப்பு வந்து பதிவாக மருந்தைக் குறைப்பதற்கு முன்பே, முதல் நாளே உட்கார வையுங்கள். வலிப்பு வந்த மறுநாளோ வலிப்பை நிறுத்த லோராசெபாம் போட்ட பிறகோ எடுத்த ஸ்கோர் குப்பை. டோபிராமேட் என்ற வலிப்பு மருந்து எடுப்பவருக்கு வார்த்தைச் சரளம் குறைந்தே காட்டும், அதை மூளைப் பழுது என்று எழுதிவிடக் கூடாது. அதே சமயம் மேடம், ஒவ்வொரு தலைவலிக்காரரையும் முழு பேட்டரிக்கு (டெஸ்ட் தொகுப்புக்கு) அனுப்புவது வீண்தான்.

டெஸ்ட்மேஜை:
தலைவலிக்கு யாரும் கேட்கவில்லை சார். நேரத்தைப் பிரிக்கலாம் என்கிறேன். அமெரிக்காவில் 2019 ஜனவரியிலிருந்து பில் கோடுகளே தனித்தனி: டெக்னீசியன் டெஸ்ட் எடுத்தால் 96138, அடுத்தடுத்த அரை மணிக்கு 96139, முடிவை ஆராய்ந்து எழுதும் நிபுணருக்கு 96132. இங்கே ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள நிபுணரே ஸ்டாப்வாட்சையும் பிடிக்கிறார். பயிற்சி பெற்ற டெக்னீசியன் இருந்தால் உங்கள் 7 மணி நேரத்தில் 3 குறையும்.

கணக்குப்பிள்ளை:
டெஸ்டே சரியாக இல்லாமல் டெக்னீசியன் எதற்கு? பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் 2004 பேட்டரியின் ஒப்பீட்டு அளவுகள் 16 முதல் 65 வயது வரைதான், மெமரி கிளினிக்குக்கு வருபவர் எழுபதைத் தாண்டியவர். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) உருவாக்கிய டெஸ்ட் டூல்பாக்ஸ் முதலில் வந்த ஐந்து இந்திய மொழிகளில் தமிழ் இல்லை.

டெஸ்ட்மேஜை:
நியாயம். ஆனால் ஒரே ஆளை ஒரு வருடம் கழித்து, வேறு வார்த்தைப் பட்டியலால் மறுபடி அளந்தால் அவருடைய பழைய ஸ்கோரே அளவுகோல். அதே பட்டியலைக் கொடுத்தால் பழக்கத்தில் மதிப்பெண் ஏறி, சரிவு மறைந்துவிடும். வலிப்பு சர்ஜரிக்காரர்கள் பெரும்பாலும் 65க்குக் கீழே, அங்கே உங்கள் ஆட்சேபணையே எழாது.

கணக்குப்பிள்ளை:
அதனால்தான் வலிப்புக்கு மட்டும் தலையாட்டுகிறேன். மாதம் நான்கு சர்ஜரி கேஸ் வந்தால் வாரம் ஒரு நாள் விசிட்டிங் போதும். மெமரி கிளினிக்குக்கு முழுநேரப் பணியிடம் கேட்பவர்கள், அந்த ஒரு வருட மறுபரிசோதனைக்கு எத்தனை பேர் கைக்காசு போட்டுத் திரும்பி வருவார்கள் என்று முதலில் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லுங்கள்.