காரில் லேப்டாப்பும் கேமராவும் சார்ஜ் செய்ய எத்தனை வாட் இன்வெர்ட்டர் தேவை?

கேள்வி – கானாடுகாத்தான் வாசகர்

வணக்கம். காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளைப் படமெடுத்து அளவு குறிக்கும் வேலையில் இருக்கிறேன். உடையவர்கள் வெளியூரிலேயே தங்கிவிட்டதால் பல வீடுகளில் மின் இணைப்பே இல்லை. வளவில் (உள் முற்றத்தில்) வெளிச்சம் கொட்டினாலும் ஒரு பிளக்கைச் செருக வழியில்லை. ஆகவே 65 வாட் லேப்டாப் அடாப்டர், கேமரா பேட்டரி சார்ஜர், செல்போன் ஆகியவற்றைக் காரிலேயே இயக்க எண்ணுகிறேன். கடையில் 150 வாட் இன்வெர்ட்டர் காட்டுகிறார்கள். இணையத்தில் ஏறக்குறைய அதே விலைக்கு 500 வாட் கிடைக்கிறது. என்னுடையது 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள பெட்ரோல் கார். எதை வாங்கலாம்? வண்டியை அணைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

பதில் – தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன்

ஐயா, வாட்டைப் பார்ப்பதற்கு முன் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸைப் பாருங்கள். அது 10 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் 120 வாட்தான் எடுக்க முடியும். 15 ஆம்பியர் என்றால் 180 வாட். 500 வாட்டை முழுதாக இழுப்பதற்கு நாற்பது ஆம்பியருக்கு மேல் வேண்டும் என்பதால், அந்த இன்வெர்ட்டரைத் தடித்த கேபிள் போட்டு, பேட்டரி முனைக்கு அருகிலேயே தனி ஃபியூஸ் வைத்து இணைத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸாக மாற்றிப் போடுவோர் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஃபியூஸுக்குப் பதில் உள்ளே ஓடும் ஒயர் உருகும். சாக்கெட்டில் பிளக் தளர்வாக உட்கார்ந்தாலும் நடுமுனை சூடேறிக் கருகிவிடும். உங்கள் சாமான்களுக்கு 150 வாட் தாராளம். வாங்கும்போது அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச வாட்டை விட்டுவிட்டு, தொடர்ந்து தரும் வாட்டைப் படியுங்கள். வெளியீடு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தானா என்றும் பாருங்கள், ஏனெனில் 110 வோல்ட் பொருள்களும் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன.

பதில் – புதுக்கோட்டை வாசகர்

இன்வெர்ட்டரே தேவையா என்று யோசியுங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அடாப்டர் அதை மீண்டும் 20 வோல்ட் அளவுக்கு இறக்குவது, மாடிக்குத் தண்ணீர் ஏற்றி முற்றத்துக்குக் குழாய் விடுவதைப் போன்றது. இரண்டு இடத்திலும் மின்சாரம் வெப்பமாக வீணாகும். லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுமானால், பவர் டெலிவரி (டைப்-சி வழியே கூடுதல் வாட் தரும் முறை) வசதியுள்ள 65 வாட் கார் சார்ஜர் ஒன்றே போதும். பழைய உருண்டை முனை என்றால் மட்டும் இன்வெர்ட்டர் வாங்குங்கள், அதிலும் வீட்டு மின்சாரத்தைப் போலச் சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வேவ் வகையாக. அந்த அலையைப் படிக்கட்டுபோல வெட்டித் தரும் மாடிஃபைடு வகையிலும் பெரும்பாலான அடாப்டர்கள் ஓடும் என்றாலும், இரைச்சலும் சூடும் கூடும்.

பதில் – தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன்

இன்ஜின் அணைந்த நிலையில் 65 வாட் அடாப்டர் முழு அளவில் இழுத்தால், இழப்பையும் சேர்த்து 6 ஆம்பியருக்குச் சற்று மேல் போகும். கார் பேட்டரி ஸ்டார்ட் செய்வதற்காகச் செய்யப்பட்டது; அடிவரை வடித்தால் ஆயுள் குறையும். இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 10.5 வோல்ட் அளவில்தான் தானாக நிற்கும், அதற்குள் வண்டி கிளம்பாத நிலை வந்திருக்கும். ஆகவே ஊர்விட்டு ஊர் ஓட்டும்போதே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டித் தருவதால் கவலையில்லை. நிறுத்தி வைத்து இன்ஜினை ஓட்டுவதென்றால் மூடிய ஷெட்டுக்குள் ஒருபோதும் வேண்டாம், புகை உயிரைப் பறிக்கும். சித்திரை வெயிலில் இன்வெர்ட்டரைச் சீட்டுக்கு அடியில் திணிக்காமல் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பார்த்தேன்: ஃபியூஸ் 15 ஆம்பியர், லேப்டாப்பிலும் டைப்-சி இருக்கிறது. கார் சார்ஜரை வாங்கிக்கொண்டு, கேமரா சார்ஜருக்கு மட்டும் 150 வாட் ப்யூர் சைன் வேவ் பார்க்கிறேன்.

பதில் – புதுக்கோட்டை வாசகர்

கேமரா பேட்டரிக்கும் யூ.எஸ்.பி. சார்ஜர்கள் வந்துவிட்டன. உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று விசாரித்த பிறகு இன்வெர்ட்டருக்குப் பணம் கொடுங்கள்.